‘டர்ன்’ என்ற சொல்லின் பிறப்பைத் தேடிச் செல்வது எப்படி?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அந்தப் பாதையில் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள், திரும்புதல் என்ற ஒரே செயலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பல காதில் விழுந்துவிடும். நடத்துநர் ‘டர்னிங்’ என்பார். எச்சரிக்கைப் பலகை ‘பெண்ட்’ என்னும். மழையில் மண் சரிந்த நாளில் ‘டைவர்ஷன்’ என்று தடுப்பு வைத்திருப்பார்கள். எதிரே பேருந்து வந்துவிட்டால் ‘ரிவர்ஸ்’ எடுக்கச் சொல்லிக் கை காட்டுவார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் உடன் வந்தவர்களில் ஒருவர் தமக்கு ‘வெர்டிகோ’ இருப்பதாகச் சொல்லி நெற்றியைப் பிடித்துக்கொள்வார். பொருளால் இவ்வளவு நெருங்கிய இச்சொற்கள் பிறப்பால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல.

ஒரு சொல்லின் பிறப்பை ஒலியின் சாயலைக் கொண்டு ஊகிப்பது நம்மிடையே பரவியிருக்கும் வழக்கம். அது சுவையான பொழுதுபோக்காக இருக்கலாம். ஆனால் அதனால் சொல்லின் வரலாறு கிடைப்பதில்லை. காலத்தில் ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்கி, ஒவ்வொரு படியிலும் சொல் எந்த வடிவில், எந்தப் பொருளில், யாருடைய வாயில் இருந்தது என்று பார்ப்பதே சரியான முறை. அந்த முறையை ‘டர்ன்’ என்ற ஒரு சொல்லின் மேல் வைத்து முழுவதுமாகச் செய்து காட்டுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். ஆங்கில ஆசிரியர்களும், போட்டித் தேர்வுக்குச் சொற்களை மனப்பாடம் செய்யும் மாணவர்களும் இதே முறையை வேறு சொற்களுக்கும் பயன்படுத்தலாம்.

முதலில் பொருள்களைத் திரட்டுங்கள்

அகராதியைத் திறப்பதற்கு முன், அந்தச் சொல் உங்கள் ஊரில் எத்தனை விதமாக வழங்குகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இதைப் பலரும் தேவையற்ற வேலை என்று தாண்டிவிடுகிறார்கள். ஆனால் பின்னால் அகராதியில் காணப்போகும் பொருள்களுள் எது பழையது, எது புதியது என்ற கேள்வி எழும்போது இந்தப் பட்டியலே கைகொடுக்கும்.

‘டர்ன்’ என்பதைச் சேலத்தில் தேடினால் நிறையவே கிடைக்கிறது. ‘அடுத்த டர்னிங்கில் நிறுத்துங்கள்’ என்று பேருந்தில் சொல்கிறோம். அங்கே அது சாலை திரும்பும் இடம். ஐந்து ரோட்டுச் சந்திப்பில் போக்குவரத்துக் காவலர் ‘யூ டர்ன்’ கூடாது என்கிறார்; அங்கே அது வந்த வழியே திரும்புதல். கேரம் விளையாடும் பிள்ளைகள் ‘இப்போது என் டர்ன்’ என்கிறார்கள். அங்கே அது முறை. வணிகர் ஆண்டுக்கு இவ்வளவு ‘டர்ன் ஓவர்’ என்கிறார். அங்கே அது மொத்த விற்பனை. போக வர எடுக்கும் பயணச்சீட்டு ‘ரிட்டர்ன்’ டிக்கெட். வருமான வரிக் கணக்கைச் செலுத்துவதும் ‘ரிட்டர்ன்’ தாக்கல் செய்வதுதான். இவற்றோடு, லேத் பட்டறையில் ‘டர்னிங்’ போடுவது என்ற வழக்கும் உண்டு. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், வெல்டர் பிரிவுகளோடு ‘டர்னர்’ என்று ஒரு பிரிவு இருப்பதை ஊரில் எல்லோரும் அறிவர். அது இரண்டு ஆண்டுப் படிப்பு.

இப்பட்டியலைப் பார்க்கும் எவரும், சாலையில் திரும்புவதுதான் மூலப்பொருள் என்றும், பட்டறை வழக்கு பிற்காலத்தில் தொழிற்சாலைகள் வந்தபின் ஒட்டிக்கொண்ட தனிப்பொருள் என்றும் எண்ணுவார்கள். அந்த எண்ணத்தையும் பட்டியலுக்குக் கீழே எழுதி வையுங்கள்.

அகராதிப் பதிவைப் படிக்கும் முறை

ஆங்கில அகராதிகள் இரு வகைப்படும். பள்ளி மாணவருக்கான அகராதிகள் இன்று மிகுதியாக வழங்கும் பொருளை முதலில் தருகின்றன. வரலாற்று முறையில் அமைந்தவை பழைய பொருளை முதலில் தந்து, ஒவ்வொன்றும் எந்த நூற்றாண்டில் எழுத்தில் தோன்றியது என்பதற்கு மேற்கோள் காட்டுகின்றன. 1884-இல் முதல் பகுதி வெளிவந்து 1928-இல் முதல் பதிப்பு நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நமக்கு வேண்டியது அந்த வகையே. முழு ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குக் கட்டணம் உண்டு. செலவில்லாமல் பார்க்க விரும்புவோர் இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலச் சொற்பிறப்பியல் அகராதியைத் தொடக்கத்துக்குப் பயன்படுத்தலாம்.

எந்த அகராதியை எடுத்தாலும், பதிவின் ஒவ்வொரு படியிலும் நான்கு செய்திகளைப் பிரித்தெடுக்க வேண்டும்: காலம், மொழி, சொல்வடிவம், பொருள். சில வடிவங்களுக்கு முன்னே ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கல்வெட்டிலும் கிடைத்ததன்று, பல மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டுருவாக்கியது என்பதே அக்குறியின் பொருள். நட்சத்திரக் குறியைக் கவனியாமல் படிப்பவர்கள், கிடைத்த சான்றையும் உய்த்துணர்ந்த வடிவத்தையும் ஒன்றாகக் கருதிவிடுகிறார்கள்.

இனி, ‘டர்ன்’ பதிவைப் பார்ப்போம். இன்றைய வடிவத்துக்கு முந்தையது இடைக்கால ஆங்கிலத்தின் ‘டர்னென்’. அதற்கும் முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘டிர்னன்’, ‘டர்னியன்’ என்ற இரு வடிவங்கள் இருந்தன. சுழலுதல், சுழற்றுதல் என்பன அவற்றின் பொருள். இவ்விரண்டும் லத்தீனின் ‘டோர்னாரே’ என்ற வினையிலிருந்து கடன் பெற்றவை. 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, அதே லத்தீன் வினையின் வழித்தோன்றலான பழைய பிரெஞ்சுச் சொல் ‘டோர்னெர்’ ஆட்சியாளர்களின் மொழி வழியே மீண்டும் வந்து சேர்ந்தது. இவ்வாறு ஒரே சொல் இரண்டு முறை, இரண்டு வாயில்கள் வழியே ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. திசை மாறுதல், திரும்பி வருதல், வேறொன்றாக மாறுதல் என்று அதன் பொருள்கள் பெருகியதில் பிரெஞ்சு வழக்குக்குப் பெரும்பங்கு உண்டு.

இங்கேயே நின்றுவிடக் கூடாது. ‘டோர்னாரே’ என்ற லத்தீன் வினைக்குத் திரும்புதல் என்று பொருள் எழுதிவிட்டுப் போகிறவர்கள், தேடலின் மிகச் சுவையான படியை இழந்துவிடுகிறார்கள். அந்த வினை ‘டோர்னுஸ்’ என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. ‘டோர்னுஸ்’ என்றால் கடைசல் எந்திரம், அதாவது லேத். ‘டோர்னாரே’ என்றால் லேத்தில் இட்டுக் கடைதல். லத்தீன்காரர்கள் அந்தக் கருவியின் பெயரைக் கிரேக்கத்தின் ‘டோர்னோஸ்’ என்ற சொல்லிலிருந்து பெற்றார்கள். கிரேக்கத் தச்சர்கள் வட்டம் வரையப் பயன்படுத்திய கருவிக்கும் கடைசல் கருவிக்கும் அதுவே பெயர்.

கடைசல் பட்டறையில் பிறந்த சொல்

ஆகவே, முதலில் எழுதி வைத்த எண்ணம் தலைகீழாகிறது. பட்டறையில் ‘டர்னிங்’ போடுவது பிற்காலத்தில் ஒட்டிய பொருளன்று. சொல்லின் வரலாற்றில் அதுவே முதற்பொருள். சாலையில் திரும்புவது, காய் நகர்த்த முறை வருவது, வணிகரின் விற்பனைத் தொகை ஆகிய எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. ஐ.டி.ஐ. மாணவர் ஒருவர் தம்முடைய பிரிவின் பெயரை எழுதும்போது, கிரேக்கத் தச்சன் வழங்கிய பொருளிலேயே அந்தச் சொல்லை எழுதுகிறார்.

இந்தப் படியை ஏட்டளவில் விட்டுவிடாமல், அருகிலுள்ள லேத் பட்டறை ஒன்றில் சற்று நேரம் நின்று பார்ப்பது நல்லது. மற்றப் பல வெட்டும் வேலைகளில் பொருள் அசையாமல் இருக்க, கருவி அதன் மேல் இயங்கும். லேத்தில், சக்கில் இறுகப் பிடிக்கப்பட்ட இரும்புத் தண்டு சுழல்கிறது. டூல் போஸ்ட்டில் பூட்டிய வெட்டுளி சுழலாமல் அதன் மேல் நகர்ந்து சீவுகிறது. ‘டர்ன்’ என்ற சொல்லுக்குத் தன் அச்சில் சுழலுதல் என்ற பொருள் முந்தியும், ஒரு பக்கம் திரும்புதல் என்ற பொருள் பிந்தியும் வந்ததன் காரணம் இக்காட்சியில் தெளிவாகிவிடும். சுழலும் பொருள் ஒன்று ஒவ்வொரு கணமும் வேறு திசையை நோக்குகிறது. அந்தச் சுழற்சியை நடுவில் நிறுத்தினால் அது ஒரு பக்கம் திரும்பி நிற்கும். முழுச் சுற்றுக்கு வழங்கிய சொல் சுற்றின் ஒரு பகுதிக்கும் வழங்கத் தொடங்கியது.

தமிழிலும் இதற்கு இணையான ஒரு சொல் இருக்கிறது. கட்டில் கால், தொட்டில் கட்டை முதலியவற்றை உருட்டித் திரட்டும் வேலைக்குக் கடைசல் என்றும், அவ்விடத்துக்குக் கடைசல் பட்டறை என்றும் பெயர். கடைதல் என்ற வினை தயிருக்கும் உரியது. கொங்கு வட்டாரத்துச் சமையலறைக்கு வந்தால் கீரைக் கடைசலுக்கும் உரியது. இவையெல்லாம் ஒரு வினைக்குள் எப்படி அடங்கின என்று வியப்பவர்கள் பழைய கருவிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். மத்தில் கயிற்றைச் சுற்றி இரு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தால் மத்து முன்னும் பின்னும் சுழலும். மோட்டார் வராத காலத்துக் கடைசல் எந்திரமும் கயிற்றாலோ வில்லாலோ இதே வகையில் முன்னும் பின்னும் சுழற்றப்பட்டதே; கிரேக்க, ரோமானியக் கருவிகளும் அத்தகையனவே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ‘டோர்னுஸ்’ என்பதும் கடைதல் என்பதும் உறவுச் சொற்கள் அல்ல. ஒரே வகையான தொழிலிலிருந்து இரண்டு மொழிகள் தனித்தனியே சொல் வளர்த்துக்கொண்டதற்கான எடுத்துக்காட்டு இது. பொருள் வளர்ச்சியின் ஒற்றுமை வேறு, பிறப்பின் ஒற்றுமை வேறு. குறிப்பேட்டில் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினாலும் நடுவில் ஒரு கோடு கிழித்துப் பிரித்து எழுதுங்கள்.

உறவுச் சொற்களைத் தேடுதல்

வேர் கிடைத்த பிறகு செய்ய வேண்டியது, அதே வேரிலிருந்து கிளைத்த மற்றச் சொற்களைத் திரட்டுவது. ‘டோர்னுஸ்’ குடும்பத்தில் முதலில் நிற்பது ‘டூர்’. ஒரு சுற்று என்பதே பிரெஞ்சில் அதன் பொருள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் பயணம் என்பதால் அது சுற்றுலாவைக் குறித்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதிலிருந்து ‘டூரிஸ்ட்’ என்ற சொல் பிறந்தது. தமிழில் சுற்றுலா என்ற சொல்லை ஆக்கியவர்களும் சுற்று என்பதையே முதலில் வைத்தார்கள். ஏற்காட்டு ஏரிக்கரையில் வந்து இறங்கும் டூரிஸ்டும் பட்டறையில் நிற்கும் டர்னரும் ஒரே வேரிலிருந்து பெயர் பெற்றவர்கள் என்பதைச் சொன்னால் மாணவர்கள் எளிதில் மறப்பதில்லை.

‘டீடூர்’ என்பது பிரெஞ்சில் விலகித் திரும்புதல். ஏற்காட்டு நெடுஞ்சாலையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தும் நாள்களில் குப்பனூர் வழியே வண்டிகளைத் திருப்பி விடுகிறார்களே, அது ‘டீடூர்’. ‘காண்டூர்’ என்பது இத்தாலிய மொழியின் சுற்றி வரைதல் என்ற பொருளுடைய வினையிலிருந்து பிரெஞ்சு வழியே வந்தது. நிலப்படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து மலையைச் சுற்றி வளைந்து செல்லும் கோடுகளை அச்சொல் குறிக்கும். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் காபி சேர்வராயன் மலைக்கு வந்தது. காபித் தோட்ட மொழி ஆங்கிலச் சொற்களால் நிறைந்திருப்பதற்கு ஆங்கிலேயத் துரைமார்களே காரணம். சரிவில் மண் அரிக்காமலிருக்க உயரக்கோட்டை ஒட்டி வரிசை பிடித்து நடுவதைக் ‘காண்டூர்’ முறை என்று இன்றும் சொல்வார்கள்.

‘டோர்னமெண்ட்’ என்ற சொல்லைக் கபடிப் போட்டிக்கும் கிரிக்கெட்டுக்கும் தாராளமாக வழங்குகிறோம். குதிரைவீரர்கள் ஒருவரையொருவர் எதிர்த்துப் பாய்ந்து, குதிரையைத் திருப்பி மீண்டும் பாயும் விளையாட்டே அதன் தொடக்கம். ‘ரிட்டர்ன்’ என்ற அரசாங்கச் சொல்லுக்கும் இப்படியொரு கதை உண்டு. இங்கிலாந்தில் நீதிமன்ற ஆணையை நிறைவேற்றிய அதிகாரி, நடந்ததை எழுதி அந்த ஆணையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த அறிக்கைக்கு ‘ரிட்டர்ன்’ என்று பெயர் வந்தது. வரிக் கணக்கு அதன் பிற்கால வாரிசு.

இவற்றுள் எவரும் எதிர்பாராதது ‘அட்டர்னி’. பத்திரப் பதிவு அலுவலகத்தில் ‘பவர் ஆஃப் அட்டர்னி’ என்பதைப் பவர் பத்திரம் என்று சுருக்கமாகச் சொல்கிறோமே, அதில் மறைந்திருக்கும் சொல் இதுதான். பழைய பிரெஞ்சில் ‘அடோர்னெர்’ என்றால் ஒரு வேலையை ஒருவர் பக்கம் திருப்பி விடுதல், நியமித்தல். அவ்வாறு நியமிக்கப்பட்டவரே ‘அட்டர்னி’. சட்டச் சொல் என்பதாலேயே அதன் பிறப்பும் கடினமாக இருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஒலி விதியால் சோதித்தல்

கிரேக்க ‘டோர்னோஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னே, தேய்த்தல், திருகித் துளைத்தல் என்னும் பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய (ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் வடமொழிக்கும் பொது மூலமான மொழியின்) வேர் ஒன்றை அறிஞர்கள் மீட்டுருவாக்கியுள்ளனர். நட்சத்திரக் குறியோடு எழுத வேண்டிய வேர் இது. இந்த வேரிலிருந்து லத்தீன், கிரேக்கம் வழியாக அன்றி, ஆங்கிலம், டச்சு, ஜெர்மன் முதலிய ஜெர்மானிய மொழிகளின் சொந்த வழியிலும் சொற்கள் ஆங்கிலத்தில் இறங்கியிருக்கின்றன. அவற்றை இனங்காண்பதற்கு ஓர் ஒலி விதி உதவும். இந்தோ-ஐரோப்பியச் சொல்லின் முதலில் நின்ற வல்லின டகரம், ஜெர்மானிய மொழிகளில் நாவைப் பல்லில் வைத்துக் காற்றை உரசவிடும் தகரமாக மாறியது என்பது அந்த விதியின் ஒரு பகுதி. யாக்கோப் கிரிம் 1822-இல் இதனை விரிவாக எழுதியதால் கிரிம் விதி எனப் பெயர் பெற்றது. லத்தீனில் மூன்று என்பது ‘ட்ரேஸ்’, ஆங்கிலத்தில் ‘த்ரீ’; லத்தீனில் மெலிந்தது என்பது ‘டெனுயிஸ்’, ஆங்கிலத்தில் ‘தின்’.

இந்த விதியைக் கொண்டு பார்த்தால் ‘டர்ன்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லாக இருக்க முடியாது என்பது உடனே விளங்கும். அது சொந்தச் சொல்லாக இருந்திருந்தால் உரசும் தகரத்தில் தொடங்கியிருக்க வேண்டும். டகரத்தில் தொடங்குவதே கடன் வந்ததன் அடையாளம். அதே வேரிலிருந்து சொந்த வழியில் வந்த சொற்கள் விதிப்படி தகரத்திலேயே தொடங்குகின்றன. ‘த்ரெட்’ என்ற சொல் முறுக்கப்பட்டது என்ற பொருளில் நூலுக்குப் பெயரானது. ‘த்ரோ’ என்ற வினைக்கும் பழைய பொருள் முறுக்குதல், திருகுதல் என்பதே. எறிதல் என்பது பின்னால் வந்தது. பட்டு இழைகளுக்கு முறுக்கு ஏற்றும் வேலையை ஆங்கிலத்தில் இன்றும் ‘த்ரோயிங்’ என்றே குறிப்பிடுவதால், வெண்பட்டு வேட்டிக்குப் பேர்பெற்ற சேலத்தில் அந்தப் பழம்பொருள் செத்துப்போனது என்று சொல்ல இயலாது. ‘ட்ரில்’ என்பது டச்சு மொழியிலிருந்து வந்தது. அதே ஜெர்மானிய ஒலி டச்சில் மேலும் மாறியதால் அது வேறு முகத்தோடு நிற்கிறது.

மீண்டும் லேத் பட்டறைக்குப் போய், அங்கே எழுதியிருக்கும் வேலைச் சீட்டைப் பாருங்கள். ஒரு தண்டுக்கு ‘டர்னிங்’ போட்டு, ‘ட்ரில்லிங்’ செய்து, ‘த்ரெட்’ வெட்டித் தரும்படி அதில் இருக்கலாம். கிரேக்க-லத்தீன் வழியில் ஒன்று, டச்சு வழியில் ஒன்று, ஆங்கிலத்தின் சொந்த வழியில் ஒன்று என மூன்றும் அந்த ஒரே வேரிலிருந்து புறப்பட்டு, பல ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தாளில் வந்து சேர்ந்திருக்கின்றன. இந்த ஒரு செய்திக்காகவே ‘டர்ன்’ என்ற சொல்லை எடுத்துக்காட்டாகத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லலாம்.

ஒலிச் சாயல் என்னும் பொறி

திரும்பு, திருப்பு, திருகு, திரி ஆகிய தமிழ்ச் சொற்களையும் ‘டர்ன்’ என்பதையும் அருகருகே வைத்து, ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது என்று முடிவு கட்டுவோர் உண்டு. பொருளும் ஒத்திருக்கிறது, முதல் இரண்டு மெய்களும் ஒத்திருக்கின்றன என்பதால் இந்தக் கருத்து உடனே மனத்தைக் கவரும். அதைச் சினத்தோடு மறுக்கவும் வேண்டாம், பெருமிதத்தோடு ஏற்கவும் வேண்டாம். இதுவரை இறங்கிய படிகளில் வைத்துச் சோதித்தால் போதும். ‘டர்ன்’ என்பதற்கு லத்தீன் வடிவமும் கிரேக்க வடிவமும் ஏடுகளில் இருக்கின்றன. அவற்றின் முதற்பொருள் திரும்புதல் அன்று, கடைசல் கருவி. திருகு, திரும்பு ஆகியவை திராவிட மொழிகளுக்குள்ளேயே உறவுச் சொற்கள் உடையவை. இரண்டு வரிசைகளும் சந்தித்ததற்கான இடமும் காலமும் காட்டப்படாத வரையில் அவை தனித்தனி வரிசைகளே. தமிழ் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை 1816-இல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் எடுத்துக்காட்டினார். 1856-இல் கால்டுவெல் விரிவாக நிறுவினார். அதை மறந்துவிட்டு எல்லாச் சொல்லையும் ஒரே ஊற்றுக்குக் கொண்டுபோவது தமிழின் தனித்தன்மையைக் குறைப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

தமிழிலிருந்து உண்மையாகவே ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்களுக்குப் பாதை தெரியும். கட்டுமரம் ‘கட்டமரன்’ ஆயிற்று. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடாணி’ ஆயிற்று. நமது பொருளுக்கு நெருங்கியது சுருட்டு. சுருட்டுதல் என்ற வினையிலிருந்து பிறந்த அச்சொல், கடல்வணிகம் பெருகிய 17-ஆம் நூற்றாண்டிலேயே ‘செரூட்’ என்ற வடிவில் ஆங்கில எழுத்துகளில் இடம்பெற்றுவிட்டது. பண்டம் இருந்தது, வணிகர் இருந்தனர், எழுத்துச் சான்று இருக்கிறது.

சாயல் ஆங்கிலத்துக்குள்ளேயே ஏமாற்றும். ‘டோர்னாடோ’ என்ற சுழல்காற்றின் பெயர் ‘டர்ன்’ குடும்பம் என்று எவரும் சொல்வர். ஆனால் அதன் மூலம் இடிமழையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லான ‘ட்ரோனாடா’. திரும்புதல் என்னும் ஸ்பானிய வினையின் தாக்கத்தால் எழுத்துகள் இடம் மாறி இந்த உருவத்தை அடைந்தது. ‘டர்னிப்’ கிழங்கின் பெயரில் முற்பகுதி, கிழங்கின் உருண்டை வடிவத்தால் ‘டர்ன்’ என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஊகம் மட்டுமே. குறிப்பேட்டில் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இடுங்கள்.

வேறு குடும்பங்கள்

மலைப்பாதையில் கேட்ட மற்றச் சொற்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ‘ரிவர்ஸ்’, ‘டைவர்ஷன்’, ‘வெர்டிகோ’, உருக்காலை ஊழியர் சொல்லும் ‘கன்வர்ட்டர்’ ஆகிய நான்கும் லத்தீனின் ‘வெர்டெரே’ என்ற வினையைச் சேர்ந்தவை. அதற்கும் திரும்புதல் என்றே பொருள். ஆனால் ‘டோர்னுஸ்’ வேருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘வெர்டிகோ’ என்றால் லத்தீனில் சுழற்சி; நாம் தலைசுற்றல் என்பது அதற்கு மிகப் பொருத்தமாக அமைந்த சொல். லத்தீனுக்கும் வடமொழிக்கும் பொது மூலம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் கல்கத்தாவில் கூறியதை, இந்த வினையைக் கொண்டே விளக்கலாம். ‘வெர்டெரே’ என்பதன் வடமொழி உறவு ‘விருத்’ என்னும் வேர். கச்சேரியில் தாளம் ஒரு சுற்று முடிவதை ஆவர்த்தனம் என்கிறோம்; வங்கியில் பணப் பரிவர்த்தனை என்கிறோம்; குறை நிவர்த்தி என்கிறோம். இவையெல்லாம் அந்த வேரிலிருந்து தமிழுக்கு வந்தவை. வட்டம் என்ற சொல்லும் இவ்வேரினதா, தமிழுக்கே உரியதா என்பதில் அறிஞரிடையே இரு கருத்துகள் இருப்பதால், அதற்கும் கேள்விக்குறியே பொருந்தும்.

‘வீல்’ என்ற சொல் மூன்றாவது குடும்பம். சுழலுதல் என்னும் பொருளுடைய வேறொரு வேரிலிருந்து, ஆங்கிலத்தின் சொந்த வழியில் ‘வீல்’, கிரேக்க வழியில் ‘சைக்கிள்’, வடமொழி வழியில் சக்கரம் ஆகியவை பிறந்தன. சைக்கிள் சக்கரம் என்று சொல்லும்போதெல்லாம் நாம் ஒரே சொல்லை இரண்டு முறை சொல்லிவிடுகிறோம்.

‘பெண்ட்’ திரும்புதலில் தொடங்கவே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வில்லை நாணால் கட்டி வளைத்தல் என்று பொருள். கட்டுதல் என்ற பொருளுடைய ‘பைண்ட்’, ‘பாண்ட்’ ஆகியவை அதன் உறவு. அதைப் பலகையில் எழுதியவர்கள் சாலையின் வளைவைத்தான் கருதினார்கள், வண்டியின் திருப்பத்தை அன்று.

குறிப்பேட்டில் எழுதும் முறை

ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே உள்ளூர் வழக்குகள். அதற்குக் கீழே காலம், மொழி, வடிவம், பொருள் என்ற நான்கு செய்திகளோடு ஒவ்வொரு படியும். ஓரத்தில் உறவுச் சொற்கள். உறவல்லாத தமிழ் இணைகளுக்குக் கோட்டுக்கு அப்பால் ஓர் இடம். எழுத்துச் சான்றுள்ள வடிவம், மீட்டுருவாக்கிய வடிவம், ஊகம் ஆகிய மூன்றுக்கும் வெவ்வேறு குறியிடுங்கள். தமிழ்ச் சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியையும், பர்ரோ, எமெனோ இருவரும் தொகுத்து 1984-இல் இரண்டாம் பதிப்பு கண்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும் பாருங்கள். இரண்டும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆங்கில அகராதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்ச் சொல்லைப் பற்றி முடிவு செய்ய வேண்டாம். தமிழ் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கிலச் சொல்லைப் பற்றியும் முடிவு செய்ய வேண்டாம்.

முதல் பயிற்சிக்கு ‘ஆக்ஸில்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். லாரிப் பட்டறைகள் நிறைந்த ஊர் என்பதால் உள்ளூர் வழக்குகளுக்குப் பஞ்சமிராது. படிகளில் இறங்கி அதன் லத்தீன் உறவுச் சொல்லை எட்டியதும், தமிழ்ப் பேரகராதியில் அச்சு என்ற பதிவைத் திறந்து, அது எந்தச் சொல்லைச் சுட்டுகிறது என்று பாருங்கள்.